எலிக்குட்டிக்குச் சேனை வைத்த கதை

1

என் தம்பி முருகேசனின் மகளுக்கு நேற்று முதல் பிறந்தநாள். ராஜபாளையத்திலிருந்து வீடியோவில் கேக் வெட்டினார்கள். குழந்தை கேக்கை விட்டுவிட்டு மெழுகுவர்த்தியைத் தின்னப் பார்த்தது, எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பக்கம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி அறையில் நடந்த சண்டைதான் இந்த ஒரு வருடத்தில் என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. இது தெரிந்ததிலிருந்து எங்கள் பாக்கியம் அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அவள் சொல்லும் கதையில் நானே இல்லையாம், அவள்தான் சுவீடனுக்கு வந்து வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறாளாம். ஆகவே நடந்தது நடந்தபடி நான் எழுதிவிடுவது நல்லது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். படித்தது ராஜபாளையமும் மதுரையும். இப்போது சுவீடனின் தெற்கில், கடல் காற்று முகத்தில் அறைகிற ஒரு ஊரில் இருக்கிறேன். ஊர்ப்பெயர் உங்களுக்கு வேண்டாம், சொன்னாலும் நாக்கில் நிற்காது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வயிற்றுக் கிருமியை ஆராய்வது என் வேலை. ஹெலிகோபாக்டர் என்று அதற்குப் பெயர். திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு, வயிற்று அமிலத்துக்குக் கொஞ்சமும் அஞ்சாமல், இரைப்பைச் சளிக்குள் குடித்தனம் நடத்துகிற கிருமி. சிலருக்கு அது புண்ணாகும். வெகு சிலருக்குப் புற்றாகவும் ஆகும். மற்ற பலர் ஆயுள் முழுவதும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டே பரோட்டாவும் சால்னாவும் தின்று நலமாக இருப்பார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை? உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒருவருக்குக் கொதித்து எழுகிறது, இன்னொருவருக்குச் சும்மா இருக்கிறது. அதைத்தான் எலிகளை வைத்துப் பார்க்கிறோம்.

இங்கே ராஜபாளையம் என்ற பெயர் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கள் விலங்குக் கூடத்தின் கால்நடை மருத்துவர் லேனா. முதல் நாள் கைகுலுக்கும்போதே, "ராஜபாளையமா! அந்த வெள்ளை நாய்!" என்றாள். இத்தனை நூற்பாலை இருக்கிறது, பேண்டேஜ் துணி நெய்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறோம், கடைசியில் நாயால்தான் மரியாதை. சரி, கிடைத்த மரியாதையை விடுவானேன் என்று நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

2

சிக்கல் எங்கே வந்தது என்று சொல்கிறேன்.

எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வளர்ந்த எலிக்குத்தான் வழக்கமாகக் கிருமியைக் கொடுப்பார்கள். வளர்ந்த எலியின் உடம்பு இரைப்பையைப் போர்க்களமாக்கிவிடும். எனக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு முரண்டு. நம்ம ஊரில் இந்தக் கிருமியை யார் முப்பது வயதில் வாங்குகிறார்கள்? பால்குடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அம்மா சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்த்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். நாங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கை அத்தனை பேரும் ஒரே தட்டில் பிசைந்த சோற்றை உருட்டி உருட்டித் தின்றவர்கள். அப்படியானால் கண் திறக்காத எலிக்குட்டிக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தால் அல்லவா எங்கள் வயிற்றின் கதை தெரியும்?

இதை முதலில் யோசித்தவள் நானல்ல. குட்டியிலேயே தொற்றிய எலி அமைதியாக இருக்கும் என்று மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். அந்த அமைதி எந்த அணுக்களால் வருகிறது, எத்தனை காலம் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. என் பேராசிரியை இங்க்ரிட் ஒப்புக்கொண்டாள். அனுமதியும் வாங்கினோம்.

அனுமதி என்றால் நம்ம ஊர் தாலுகா ஆபீஸைத் தூக்கிச் சாப்பிடுகிற அனுமதி. ஒரு எலியைத் தொட வேண்டுமானால் இங்கே ஒரு குழு சரி சொல்ல வேண்டும். அதில் விஞ்ஞானிகள் இருப்பார்கள், விஞ்ஞானத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத பொதுமக்களும் இருப்பார்கள். எலிக்கு வலிக்குமா, எவ்வளவு வலிக்கும், வலிக்காமல் செய்ய வேறு வழி தேடினீர்களா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். நான் முதல் தடவை நிரப்பியபோது, என் விசாவுக்குக்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லையே என்று திட்டிக்கொண்டே நிரப்பினேன்.

ஆனால் வேலையைத் தொடங்கியதும் குட்டிகள் சாகத் தொடங்கின. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத உயிர். அதன் தொண்டை வழியாக மெல்லிய குழாயை இறக்கி இரைப்பைக்குள் கிருமிக் கரைசலை விடவேண்டும். கொஞ்சம் பிசகினால் நுரையீரலுக்குப் போய்விடும். பிசகாவிட்டாலும், ஆள் கை பட்டு, கலவரப்பட்டு வந்த குட்டியைத் தாய் சில சமயம் ஒதுக்கிவிடும். என் கை நிதானமான கைதான். ஆனாலும் செத்தன. காலையில் கூண்டைத் திறக்கவே கை கூசும்.

லேனா நல்லவள், ஆனால் விதி என்றால் விதி. ஒருநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: "ராஜி, இன்னொரு தொகுதியும் இப்படிப் போனால் நான் உன் ஆராய்ச்சியை நிறுத்தியாக வேண்டும்." நின்றால் இங்க்ரிட்டின் நிதி நிற்கும். நிதி நின்றால் என் வேலை, என் வேலையோடு கட்டிய எங்கள் குடியிருப்பு அனுமதி, எல்லாம் வரிசையாக ஆட்டம் காணும்.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால், அங்கே என் மகள் கோதை. பதின்மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்கு நாலு கோதை, இந்த ஊருக்கே இவள் ஒருத்திதான். இரண்டு வருடமாகக் கறி, மீன், முட்டை எதுவும் தொடுவதில்லை. மிருகங்களுக்காக ஊர்வலம் போகிற கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். வெளியில் தமிழ் பேசமாட்டாள், நான் கடையில் தமிழில் கூப்பிட்டால் யாரோ மாதிரி நடப்பாள். இதெல்லாம் வயசுக் கோளாறு என்று தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி, "அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து, தன் கம்ப்யூட்டரைச் சரி செய்து தரமுடியுமா என்று என்னைக் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். எனக்கு வந்த கோபத்தையும் அழுகையையும் தேங்காய் துருவித் தீர்த்தேன்.

3

இந்த நிலையில்தான் முருகேசனிடமிருந்து அழைப்பு வந்தது. எனக்கு மதிய உணவு நேரம். படத்தில் ஆஸ்பத்திரி அறை, துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை.

"அக்கா, நீயே ஒரு முடிவு சொல்லு. இங்க அடிதடி ஆயிரும் போல இருக்கு."

பின்னால் பாக்கியம் அத்தையின் குரல். ராஜபாளையம் மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. "சேனை நாந்தான் வைப்பேன்! இந்த வீட்டுல பொறந்த அம்புட்டுப் புள்ளைக்கும் நாந்தான் வச்சிருக்கேன்!"

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் ஒருவர் சீனித்தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டு அதன் நாக்கில் வைப்பார். அதுதான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் யார் வைப்பது என்பதில் பெரிய அரசியலே நடக்கும். வளர்ந்த பிள்ளை அடம் பிடித்தால், "யாரு இதுக்குச் சேனை வச்சது?" என்பார்கள். எனக்கு வைத்தவள் பாக்கியம் அத்தை. என் வாயைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் அவளிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

தம்பி மனைவியின் அம்மா வத்திராயிருப்புக்காரர். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. "எங்க வழக்கத்துல தாய்மாமன்தான் வைக்கணும். எம் மகன் பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கான். செத்த நேரம் பொறுக்க மாட்டாகளா?"

நடுவில் நர்ஸ்: "யாரும் வைக்கக் கூடாது! தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்!"

அத்தை போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். மூக்குத்தி மட்டும்தான் தெரிந்தது. "ஏட்டி ராஜி, நீ வயித்துக் கிருமியப் பத்தித்தான படிச்சிருக்க. இந்த நர்ஸம்மாட்டச் சொல்லு. ஒரு சொட்டு சீனித்தண்ணில என்ன வந்துரும்?"

"அத்தே, நர்ஸம்மா சொல்றதுதான் சரி. யாரும் வைக்காதீங்க."

நான் விடாமல் மேலே பேசினேன்.

"உங்களுக்கு வயித்துப்புண் வந்து, உள்ள குழாய் விட்டுப் பாத்து, கிருமின்னு சொல்லி மாத்திரை குடுத்தாகளே, மறந்துட்டீங்களா? அது வாய் வழியாத்தான் பரவும். ஒருநாளு பிள்ள நாக்குல யாரு விரலும் வேண்டாம்."

"உனக்கும் இதே விரலுதான் வச்சுது! நீ என்ன சீக்குல விழுந்தா கெடக்க? சுவீடன்ல உக்காந்து எனக்கே புத்தி சொல்லுத!"

"சரி, வச்சுத்தான் என்ன ஆகப்போகுது? பிறந்த பிள்ளைக்கு முழுங்கத் தெரியுமா? புரை ஏறினா?"

இதை நான் கேட்டிருக்க வேண்டாம். அத்தைக்கு ரோசம் வந்துவிட்டது. "முழுங்கத் தெரியாதா? ஏட்டி, நாம எங்க ஊத்துறோம்? உதட்டுல தொட்டா அதுவா நாக்க நீட்டிச் சப்பிக்கிடும். சப்பி முடிச்சதும் வாய மூடிக்கிடும். அதுக்குப் பொறவு இன்னொரு தடவ தொடணும். திணிச்சாத்தான் புரையேறும். எத்தன புள்ளைக்கு வச்சிருக்கேன், ஒண்ணுக்காவது இருமல் வந்துருக்குமா?" என்று கேமராவுக்கு முன்னால் காற்றிலேயே விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அதுவா சப்பிக்கிடும். நாங்கள் குழாயை இறக்கிக்கொண்டிருக்கிறோம், இவள் உதட்டில் தொட்டால் போதும் என்கிறாள்.

"அத்தே, நீங்க தெய்வம்! ஆனா பிள்ளைக்கு வைக்காதீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அங்கே முடிவு கட்டினார்களாம். பாப்பாவுக்குக் கடைசியில் யாரும் சேனை வைக்கவில்லை. நர்ஸ் ஜெயித்தாள்.

4

எலிக்குட்டியின் உதட்டுக்கு என் விரல் ஒரு தூண் மாதிரி. மெல்லிய தூரிகை வேண்டும். கோதைக்கு ஓவியப் பைத்தியம் உண்டு, அறை முழுக்கத் தூரிகைகள். அன்று சாயங்காலம் அவள் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"எதுக்கு?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. குட்டிகள் சாவதையும், குழாயையும், அத்தையின் விரலையும் சொன்னேன். அவள் தமிழும் ஸ்வீடிஷும் கலந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாய் எவ்வளவு நீளம் என்று கேட்டாள். காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எடுத்து வைத்திருந்த தூரிகையைக் கையிலிருந்து வாங்கித் தன் கீழுதட்டில் தடவிப் பார்த்தாள். "இது வேண்டாம். முடி குத்துது." பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்து, அதையும் தன் உதட்டில் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மறுநாள் அதே மாதிரியில் புதிதாகப் பல வாங்கிச் சுத்தப்படுத்திக் கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

முதலில் வெறும் சீனித்தண்ணீர். கிருமி இல்லாததால் லேனாவே அதற்குச் சரி சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தாள். தாயின் கூட்டிலிருந்து எடுத்த பஞ்சில் கையுறையைத் தேய்த்து வாசனை ஏற்றிக்கொண்டு, ஒரு குட்டியைக் கையில் வைத்துத் தூரிகை முனையை உதட்டில் தொட்டேன். அது பாட்டுக்குக் கிடந்தது. இன்னொரு முறை தொட்டேன். கடுகளவு நாக்கு ஒன்று வெளியே வந்து சொட்டைச் சப்பிக்கொண்டு உள்ளே போயிற்று. அப்புறம் வாயை மூடிக்கொண்டது. லேனா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

இங்க்ரிட் மட்டும் முரண்டு பிடித்தாள். "அளவு துல்லியமாக இருக்காதே, ராஜி. குழாய் என்றால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும்." நான் சொன்னேன்: "எங்கள் ஊரில் யாருக்கும் அளந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். ஒட்டியதா இல்லையா என்று கடைசியில் இரைப்பையைக் கேட்போம்." யோசித்தாள். "குழு ஒப்புக்கொண்டால் எனக்கும் சரி" என்றாள்.

5

முறையை மாற்றினால் மறுபடியும் குழுவுக்குப் போக வேண்டும். எழுத்தில் கொடுத்தது போதாது, நேரில் வந்து விளக்கு என்றார்கள். ஸ்வீடிஷ் மொழியில் பேசினேன். எட்டு வருடமாகப் பேசுகிறேன், ஆனாலும் பதற்றம் வந்தால் வினைச்சொல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தலைவர் கேட்டார். சேனைக்கு ஸ்வீடிஷில் என்ன சொல்வது? அவசரத்தில், பிறந்த குழந்தைக்கு உறவினர் செய்கிற சடங்கு என்ற நினைப்பில், ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டேன்.

குழுவில் பொதுமக்கள் சார்பாக ஒரு முன்னாள் பால்பண்ணைக்காரர் இருந்தார். வாய் பிளந்தார். "எலிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறீர்களா?"

அறை குலுங்கிச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அத்தை வைத்த சேனை சும்மா போகுமா? மேசையிலிருந்த காப்பிக் கோப்பையில் சுண்டுவிரலைத் தொட்டு, காற்றில் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு, உதட்டில் தொட்டு, நிறுத்தி, மறுபடி தொட்டுக் காட்டினேன். முழுச் சடங்கையும் நடத்தி முடித்தேன். சிரிப்பு நின்றது.

பால்பண்ணைக்காரர் தலையாட்டினார். "பலவீனமான கன்றுக்கு நாங்களும் இப்படித்தான். விரலில் பாலைத் தொட்டு வைப்போம்." பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "இதை ஏன் இத்தனை நாள் யாரும் செய்யவில்லை?" என்று கேட்டார். விஞ்ஞானிகள் காகிதங்களைப் புரட்டினார்கள்.

அனுமதி கிடைத்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். எதிர் இருக்கைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

6

அதன் பிறகு ஒரு குட்டிகூட என் கையால் சாகவில்லை. தினமும் கூண்டைத் திறக்கும்போது தாயின் வயிற்றடியில் அத்தனையும் நெளிந்துகொண்டிருக்கும். ஆனால் அது பாதி வெற்றிதான். கிருமி உள்ளே ஒட்டவில்லை என்றால் இவ்வளவும் வீண். அது தெரியக் குட்டிகள் வளர வேண்டும்.

வளர்ந்தன. பார்க்கிற நாள் வந்தது. இரைப்பையில் ஒரு துணுக்கை எடுத்து மஞ்சள் திரவத்தில் போடவேண்டும். கிருமி இருந்தால் திரவம் ரோஸ் நிறமாக மாறும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். இங்க்ரிட், லேனா, நான், மூன்று பேரும் சோதனைக் குழாய் வரிசையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மஞ்சள். மஞ்சள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ராஜி," என்றாள் இங்க்ரிட். "திரும்பிப் பார்."

ஒரு குழாயின் அடியில் லேசாக ரோஸ் ஏறியிருந்தது. பிறகு பக்கத்துக் குழாயில். பிறகு மளமளவென்று வரிசை முழுவதும். ஐயோ, அந்த நிறம்! நான் தமிழில் என்னென்னவோ கத்தியிருக்கிறேன். ஒருவரையொருவர் தொட்டுப் பேசாத ஊரில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அடுத்த வாரங்களில் மற்றதும் தெளிவானது. வளர்ந்த பிறகு கிருமி வாங்கிய எலிகளின் இரைப்பையில் வீக்கமும் கொதிப்புமாக இருந்தது. குட்டியில் வாங்கியவை அமைதியாக இருந்தன. கொதிப்பை அடக்குகிற அணுக்கள் அங்கே காவல் நின்றன. தொண்டைக் குழாயின் கலவரம் இல்லாததால் அவற்றை முன்னைவிடத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. எங்கள் கட்டடத்தில் இனி பால்குடிக் குட்டிக்குக் குழாய் கிடையாது, தூரிகைதான் என்று விதியே வந்துவிட்டது. இங்குள்ளவர்கள் அந்த முறையைச் "சேனாய்" என்று அழைக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சுற்றுப் பருமன் கூடுகிறது.

அத்தையிடம் சொன்னேன். முதலில் மகிழ்ந்தாள். பிறகு ஏதோ உறைத்தது. "ஏட்டி, எங்க புள்ளைக்கு வைக்கக் கூடாதுன்னுட்டு, எலிக்கு வச்சியாக்கும்?"

"ஆமா அத்தே. பிள்ளைக்குக் கிருமி வரக் கூடாது. எலிக்கு வரணும். அதான்."

"நல்ல நியாயம்டி!" என்றாள். ஆனால் அன்று மாலையே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

7

போன மாதம் கோதை என் முன்னால் வந்து நின்றாள். பள்ளியில் பெற்றோர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசும் நாளாம். "நீங்க வரீங்களா?"

"கம்ப்யூட்டரைப் பத்திப் பேசவா?"

முகம் சிவந்துவிட்டது. "இல்ல. எலியைப் பத்தி."

போனேன். வகுப்பு முழுக்க அவள் வயதுப் பிள்ளைகள். கிருமியைப் பற்றிச் சொன்னேன், ரோஸ் நிறத்தைச் சொன்னேன், தூரிகையை வைத்துச் செய்து காட்டினேன். நன்றாகக் கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். மிருகங்களுக்கான ஊர்வலத்தில் கோதையோடு போகிறவள்.

"கடைசியில் அந்த எலிகளைக் கொன்றுவிடுவீர்கள்தானே?"

நான் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கோதை எழுந்துவிட்டாள்.

"ஆமாம். கொல்கிறார்கள்," என்றாள் ஸ்வீடிஷில். "எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும்வரை ஒரு குட்டிக்குக்கூடத் தொண்டையில் குழாய் போகக் கூடாது என்று போய்ச் சண்டை போட்டு ஜெயித்தவர் என் அம்மாதான். இந்த நாட்டுச் சட்டத்தையே மாற்றிவிட்டார்."

"சட்டமெல்லாம் இல்லைம்மா, எங்க கட்டடத்து விதி மட்டும்தான்..." என்று நான் குறுக்கே போனேன்.

கோதை என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேருக்கும் முன்னால், கணீரென்று, தமிழில் சொன்னாள்:

"செத்த நேரம் சும்மா இரும்மா. நான் சொல்லுதேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.